ராஜா கொடுத்த புத்தகம்

பிரசாரக் கலை என்றாலே பொய் என்று ஒதுக்கிவிடுவது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. ஒதுக்கிவிட்டால் அதைப் பார்க்கவேண்டிய சிரமம் இல்லை. எனக்கென்னவோ, நல்ல பிரசாரம் பொய் சொல்வதைவிட, தன் பயத்தை ஒப்புக்கொள்வதுதான் அதிகம் என்று தோன்றுகிறது. 1539இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் வெளிவந்த ஆங்கிலப் 'பெரிய பைபிள்' ஒன்று உண்டு. அதன் முகப்பிலுள்ள மரச்செதுக்குப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஹோல்பைன் செய்தது என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். இப்போது பலர் அதை ஏற்பதில்லை. யார் செய்திருந்தாலும் வேலை தெரிந்தவன்.

பக்கத்தின் மேற்பகுதியில், நடுநாயகமாக, சிம்மாசனத்தில் ஹென்றி. அவன் தலைக்கு மேலே, விளிம்பை ஒட்டி, இடநெருக்கடியில் ஒடுங்கிக் கடவுள். ஹென்றி இரண்டு பக்கமும் புத்தகம் வழங்குகிறான்: ஒரு புறம் ஆர்ச்பிஷப் கிரான்மருக்கு, மறு புறம் மந்திரி தாமஸ் கிராம்வெல்லுக்கு. அவர்களிடமிருந்து பாதிரிமாருக்கும் கனவான்களுக்கும் இறங்குகிறது. அதற்கும் கீழே ஜனங்கள். ஜனங்களிடம் வரும்போது புத்தகத்தைக் காணோம், அது பிரசங்கமாகிவிட்டது. ஒருவர் பேசுகிறார், கூட்டம் கேட்கிறது. கேட்டவர்கள் வாயிலிருந்து நீளும் சுருள்களில் 'ராஜா வாழ்க' என்றிருக்கிறது, அதுவும் பெரும்பாலும் லத்தீனில். ஜனங்களின் பாஷையில் வேதம் தந்ததைக் கொண்டாடும் படம் இது! ஒரு மூலையில் சிறைச்சாலையும் உண்டு.

பின்னணி தெரிந்ததுதான். 1521இல் லூதருக்கு எதிராகப் புத்தகம் எழுதி, போப்பிடம் 'விசுவாசத்தின் காவலன்' என்ற பட்டம் வாங்கியவன் ஹென்றி. 1534இல் போப்பை விலக்கித் தன்னையே இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவன் ஆக்கிக்கொண்டான். பட்டத்தை மட்டும் விடவில்லை. பிரிட்டிஷ் நாணயங்களில் அதன் முதலெழுத்துகள் இன்றும் இருக்கின்றன. 1538இல் ஒவ்வொரு கோயிலிலும் ஒரு பெரிய ஆங்கில பைபிள் வைக்கவேண்டும் என்று உத்தரவாயிற்று. வைத்த பைபிளைத் தொகுத்தவர் கவர்டேல். ஆனால் வாக்கியங்களில் பெரும்பகுதி டிண்டேலுடையவை. அதே ராஜா தடைசெய்த மொழிபெயர்ப்பு. 1536இல் பிரஸ்ஸல்ஸ் அருகே கழுத்தை நெரித்து எரிக்கப்பட்டவரின் வாக்கியங்கள். பி.ஏ. வகுப்பில் பைபிள் நடையின் எளிமையைப் பற்றி நோட்ஸ் எழுதிக்கொண்டேன். அந்த எளிமைக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பது நோட்ஸில் இல்லை.

படத்தின் பிற்காலம் இன்னும் சுவாரசியமானது. 1540 ஜூலை 28இல் கிராம்வெல்லின் தலை போயிற்று. மரக்கட்டையை மறுபடி செதுக்க யாரும் மெனக்கெடவில்லை போலும். பிந்தைய பதிப்புகளிலும் அந்த மனிதர் அதே இடத்தில் நின்று புத்தகம் வழங்கிக்கொண்டிருக்கிறார். அவர் யார் என்று சொல்லும் குலச்சின்னத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். வெறும் வட்டம் மிஞ்சியது. ஆள் இருக்கிறார், பெயர் இல்லை. அதிகாரம் தன் வேலைக்காரர்களை எப்படிப் பார்க்கிறது என்பதை எந்த நையாண்டிக் கவிஞனும் இவ்வளவு சிக்கனமாகச் சொன்னதில்லை.

1543இல் படத்தின் கீழ்ப்பகுதி சட்டமாகவே வந்தது. கைத்தொழிலாளர், வேலை பழகுபவர், விவசாயிகள், கூலிகள், மேற்குடியில் பிறக்காத பெண்கள் யாரும் ஆங்கில பைபிளைப் படிக்கக்கூடாது. கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டான் என்று சரித்திரப் புத்தகங்கள் சொல்லும். எனக்கு அப்படிப் படவில்லை. படத்திலேயே அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லையே. சட்டம் நாலு வருஷம் தாமதமாகப் படத்தைப் புரிந்துகொண்டது, அவ்வளவுதான்.

படத்தில் யாருமே படிக்கவில்லை, ஹென்றி உட்பட. வாங்குகிறார்கள், வழங்குகிறார்கள், கேட்கிறார்கள், கோஷமிடுகிறார்கள். ஆனால் நிஜத்தில் ஹென்றி படித்தான். அவனுக்கென்று செய்த சங்கீதப் புத்தகம் ஒன்று இருக்கிறது. அதன் சித்திரங்களில் அவனே தாவீது ராஜா, கையில் யாழ். அங்கேயும் பிரசாரம்தான். ஆனால் ஓரத்தில் அவன் கையெழுத்தில் குறிப்புகள் உண்டு. இளமை போய் முதுமை வந்துவிட்டதைச் சொல்லும் முப்பத்தேழாம் சங்கீதத்து வரியருகே, இது வேதனையான வாக்கு என்று லத்தீனில் இரண்டே சொல் எழுதிவைத்திருக்கிறான். ஐம்பதை ஒட்டிய வயது. அந்த இரண்டு சொல்லில் திருச்சபைத் தலைவன் இல்லை, தாவீதும் இல்லை. படித்துக்கொண்டிருக்கும்போது அகப்பட்டுக்கொண்ட ஒருவன் இருக்கிறான்.

இன்னொரு குறிப்பும் கிடைத்திருக்கிறது. 1546இல் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற ஆடு மேய்ப்பவன், 14 பென்னிக்கு ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வரவழைத்த பாலிடோர் வெர்ஜில் சுருக்கப் புத்தகத்தில் எழுதியது. மேய்ப்பவர்கள் வேதம் படிக்கக்கூடாது என்று ஆகிவிட்டதால் இந்தப் புத்தகத்தை வாங்கினேன் என்கிறான். அந்தக் குருட்டுத்தனத்தைக் கடவுள் திருத்தவேண்டும் என்கிறான். யாருடைய குருட்டுத்தனம் என்று சொல்லவில்லை. எழுத்துப் பிழைகள் நிறைய. கீழே தன் பெயரையும் வருஷத்தையும் போட்டு, குன்றின் மேல் ஆடு மேய்த்துக்கொண்டு எழுதியது என்றும் குறித்திருக்கிறான்.