யமாதா வீட்டுச் சிரிப்பு

நகை என்னும் மெய்ப்பாட்டுக்குத் தொல்காப்பியர் நிலைக்களன் நான்கு வகுத்தார். எள்ளல் அவற்றுள் ஒன்று. ஏனையவை இளமையும் பேதைமையும் மடனும் ஆகும். இவற்றுள் எள்ளலே எளிதிற் கைவருவது. ஒருவனை இழிவுபடுத்திக் காட்டிவிட்டாற் போதும், கூட்டம் சிரித்துவிடும். அதிலும் சித்திரப் படத்தில் இது மிக எளிது. ஊனும் உதிரமும் உள்ள நடிகனைப் பாறைக்கடியில் நசுக்க இயலாது. கோட்டால் ஆகிய மனிதனையோ எத்தனை முறை நசுக்கினாலும் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து நிற்பான். ஆதலால் குடும்பத்தைப் பொருளாகக் கொண்ட சித்திர நகைச்சுவை, எள்ளலையே பெரிதும் நம்பி வளர்ந்தது. ஏனைய மூன்றையும் முதலாக வைத்து அத்தகைய படம் ஒன்றை ஆக்க முடியுமா என்னும் வினாவுக்கு 1999-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டில் ஒரு விடை கிடைத்தது. அதுவே இசாவோ தகாஹாத்தா இயக்கிய ‘அண்டைவீட்டு யமாதா குடும்பம்’ என்னும் படம்.

அவர் எம்மரபிலிருந்து விலகினார் என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1960-இல் தொடங்கிய ‘பிளின்ட்ஸ்டோன்ஸ்’ இத்துறைக்கு ஓர் அச்சு வார்த்துக் கொடுத்தது. தந்தை உரத்துப் பேசுவான். ஏதேனும் ஒரு திட்டம் போட்டுக் கெடுத்துக்கொள்வான். மனைவி அறிவுடையவள், கெட்டதைச் சீர்செய்து அவனை மன்னிப்பாள். 1989 டிசம்பர் 17-இல் அரைமணி நேரத் தொடராக வந்த ‘சிம்ப்சன்ஸ்’ இவ்வச்சைக் கேலி செய்தது உண்மை. ஆயினும் அறிவிலித் தந்தை, பொறுமைத் தாய் என்னும் இரு தூண்களையும் அது அகற்றிவிடவில்லை. ஜப்பானிலோ மரபு சற்று மென்மையானது. மாச்சிகோ ஹாசெகாவா என்னும் அம்மையார் 1946 முதல் வரைந்த ‘சாசாயெ-சான்’ செய்தித்தாட் சித்திரம், 1969 அக்டோபரில் தொலைக்காட்சிக்கு வந்து தலைமுறை கடந்தும் ஓடுகின்றது. அங்கே பருவங்கள் மாறும்; விழாக்கள் வரும்; பிள்ளைகள் மட்டும் வளர்வதில்லை. கலகம் எழும், தணியும், அனைவரும் உணவுக்கு அமர்வர்.

யமாதா குடும்பமும் செய்தித்தாளிற் பிறந்ததே. ஹிசாய்ச்சி இஷி என்பவர் ஆசாஹி நாளிதழில் 1991 முதல் வரைந்துவரும் நான்கு கட்டச் சித்திரம் அது. 1997-இல் ‘நோனோ-சான்’ எனப் பெயர் மாறியது. தந்தை தக்காஷி அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். தாய் மாட்சுகோ; அவளுடைய அன்னை ஷிகே பாட்டி; பள்ளிக்குச் செல்லும் மகன் நோபொரு; சிறுமி நோனோகோ; முகம் சுளித்தே கிடக்கும் நாய் போச்சி. வீட்டோடு இருக்கும் முதியவள் மனைவியைப் பெற்றவள் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். மாமியாரின் கூரிய நாவுக்கு இங்கே மருமகன் ஆளாகிறார்.

நான்கு கட்டச் சித்திரத்தின் கட்டமைப்பு தமிழாசிரியர்க்குப் புதிதாகத் தோன்றாது. எடுத்தல், தொடுத்தல், திருப்புதல், முடித்தல் என்பது அதன் முறை. நான்கடி வெண்பாவில் ஈற்றடி குறுகி வந்து சட்டென நிற்பதுபோல, நான்காம் கட்டம் சட்டென நின்றுவிடும். இத்தகைய சிறுதுணுக்குகளை 104 நிமிடப் படமாக்குவது எங்ஙனம்? பிறராயின் குடும்பத்தை ஒரு நெடும்பயணத்துக்கு அனுப்புவர். அல்லது தீயவன் ஒருவனைப் புகுத்தி ஊரைக் காக்கச் செய்வர். சின்னத்திரைக் குடும்பம் பெருந்திரைக்கு வருங்கால் இவ்வாறு செய்வதே வழக்கம். தகாஹாத்தா செய்யவில்லை. கதை என ஒன்று இல்லாமலே, சிறு தலைப்புகளின்கீழ் வீட்டு நிகழ்ச்சிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார். மழைநாளில் தந்தை தொலைபேசியில் குடை கேட்கிறார். எடுத்துச் செல்வது யார் என்று வீட்டில் ஆளுக்கு ஆள் நழுவுகின்றனர். மகனுக்கு ஒரு பெண்ணிடமிருந்து தொலைபேசி வருகிறது. தாயும் பாட்டியும் காதைத் தீட்டிக்கொள்கின்றனர். இவ்வளவுதான் நிகழ்ச்சிகள்.

ஆனால் நான்காம் கட்டம் முடிந்த பின்னும் படம் சில வேளை நிற்பதில்லை. சிரிப்பு அடங்கிய இடத்தில் இன்னும் சிறிது நேரம் அதே முகத்தை, அதே அறையை, வெறுமனே காட்டிக்கொண்டிருக்கும். பனி பெய்த நாளொன்றில் தந்தை நிழற்படக் கருவியுடன் ஓடிவந்து, வெளியே வாருங்கள், எல்லாரும் படம் எடுத்துக்கொள்வோம் என்று அழைக்கிறார். தொலைக்காட்சியின் முன் அமர்ந்தவர்கள் அசையவில்லை. அவர் தனியே போய்ப் பனியில் படம் எடுத்துக்கொள்கிறார். எள்ளி நகையாடும் மரபினர் கையில் இஃது ஏமாந்த தந்தையின் கதையாக முடிந்திருக்கும். தகாஹாத்தாவோ அம்மனிதரைப் பனியில் நிற்க விட்டுவிட்டுக் காத்திருக்கிறார். சிரித்தவர்க்குத் தம் சிரிப்பு உறுத்தத் தொடங்கும் வரை அவர் நகர்வதில்லை.

நிகழ்ச்சி சில முடியும்போது ஓர் ஐக்கூப் பா ஓதப்படுகிறது. பாஷோ, புசோன், சாந்தோகா ஆகிய மூவர் பாக்கள் இப்படத்தில் இடம் பெறுகின்றன. பாஷோ பதினேழாம் நூற்றாண்டினர். புசோன் அதற்கு அடுத்த நூற்றாண்டினர். 1940-இல் மறைந்த சாந்தோகா, ஐந்து ஏழு ஐந்து என்னும் அசைக்கணக்கையும் துறந்து, இரந்துண்டு ஊர் ஊராய் அலைந்த துறவி. மது மயக்கம் அவரை இறுதிவரை விடவில்லை. ஜப்பானியர் போற்றும் இப்பெரும்பாக்களை, இஞ்சியும் வாழைப்பழமும் பற்றிய வீட்டுச் சச்சரவின் அருகே வைப்பது கேலிதானா? முதலில் அவ்வாறே தோன்றும். ஆயின் எதைக் கேலி செய்கிறது என்று கேட்டால் விடை எளிதில் வராது. பா வீட்டைச் சிறுமைப்படுத்தவில்லை; வீடும் பாவைச் சிறுமைப்படுத்தவில்லை. உயர்ந்தோர் மெய்ப்பாடு வேறு, எளியோர் மெய்ப்பாடு வேறு என்று பிரித்துப் பழகிய உள்ளத்துக்குத்தான் இடையில் ஓர் ஆட்டம் உண்டாகிறது.

ஓவிய முறையிலும் அவர் பெருவழியே போகவில்லை. 1997-இல் அதே ஜிப்லி நிறுவனம் வெளியிட்ட ‘இளவரசி மோனோனோகே’ காடும் மலையும் இலையிலையாகத் தீட்டப்பட்ட படம். வசூலில் நாட்டின் பழைய அளவுகளை முறியடித்தது. இரண்டே ஆண்டில் வந்த யமாதா படத்திலோ திரையின் பெரும்பகுதி வெறும் வெள்ளை. ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு கதவின் பாதி. அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. நீர்வண்ணம் தோய்ந்த தாளில் விரைந்து கிறுக்கியது போன்ற கோடுகள். விந்தை யாதெனில், ஜிப்லி நிறுவனம் முழுக்க முழுக்கக் கணினியில் ஆக்கிய முதற்படம் இதுவே. கையால் எளிதாகக் கிறுக்கினாற் போலத் தோன்றச் செய்வதற்குப் பொறியின் முழு உழைப்பும் தேவைப்பட்டது!

இதற்கு வேர் எங்கே உள்ளது என்பதை அறிய நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. அதே 1999-இல், பன்னிரண்டாம் நூற்றாண்டு ஜப்பானியச் சுருளோவியங்களை இன்றைய இயங்கு சித்திரங்களோடு ஒப்பிட்டுத் தகாஹாத்தா ஒரு நூல் எழுதினார். அச்சுருள்களில் உருவங்களைச் சூழ்ந்து நிற்பது பெரும்பாலும் வெறும் தாளே. காண்போன் சுருளை விரிக்க விரிக்கக் கதை நகரும். புசோனும் பாவலராக மட்டும் இருந்தவரல்லர். பாவின் பக்கத்திலேயே சில கோடுகளால் ஓவியம் தீட்டிய கைவண்ணர். ஆகவே படத்தில் ஓதப்படும் பாவும், அதைச் சுற்றியுள்ள வெள்ளையும் ஒரே மரபின் இரு கைகள் எனலாம். இத்தனைக்கும் தகாஹாத்தா தம் கையால் வரையும் ஓவியர் அல்லர். தோக்கியோப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் பயின்றவர்.

இனி, மாந்தர்க்கு வருவோம். அறிவுடைய மனைவி என்னும் தூணை இப்படம் பெயர்த்துவிட்டது. மாட்சுகோ மறதிக்காரி, சோம்பலுக்கு அஞ்சாதவள், இன்று என்ன சமைப்பது என்பதே அவளுக்குத் தீராத பெருந்துன்பம். திருமணமொன்றில் வாழ்த்துரை ஆற்ற எழுந்த கணவர் சட்டைப்பையில் கைவிட்டால், அவள் எடுத்துக் கொடுத்தனுப்பிய தாளில் உரை இல்லை. கடையில் வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியல் இருக்கிறது. இவ்வாறு தாயும் தந்தையும் பாட்டியும் பிள்ளையும் ஒரே தட்டில் வைக்கப்படும்போது, யாரை யார் எள்ளுவது? எள்ளுவதற்கு மேலான இடம் ஒன்று வேண்டும். இவ்வீட்டில் அந்த இடமே கிடையாது. கடைவீதியில் நோனோகோவை மறந்து விட்டுவிட்டு வீட்டார் வண்டியில் புறப்பட்டுவிடும் பகுதியே இதற்குச் சான்று. வண்டியில் ஒருவரையொருவர் குறை கூறிக் கதறுகின்றனர். சிறுமியோ கலங்காமல், காணாமற் போனவர்கள் தன் வீட்டார்தாம் என்று எண்ணிக்கொண்டு, அழுதுநிற்கும் வேறொரு சிறுவனைத் தேற்றுகிறாள். தொல்காப்பியர் கூறிய இளமையும் பேதைமையும் ஒரே நிகழ்ச்சியில் எதிரெதிரே நிற்கின்றன. பேதைமை இங்கே பெரியோர் பக்கம்.

ஆசிரியர்கள் கருதிப் பார்க்க வேண்டிய பகுதி வேறொன்று உண்டு. நோனோகோவின் வகுப்பாசிரியை, புத்தாண்டு நோக்கமாக ஒரு சொல்லை எழுதிக் காட்டுகிறார்: ‘தெகிதோ.’ அச்சொல்லுக்கு ஜப்பானிய மொழியில் இரு பொருள். தக்க அளவு, பொருத்தம் என்பது ஒன்று. ஏனோதானோ என்பது மற்றொன்று. முயற்சி, வெற்றி, முதலிடம் என எழுத வேண்டிய இடத்தில் இச்சொல்லா? பள்ளி ஆய்வாளர் ஒருவர் அவ்வேளை வகுப்பினுள் நுழைந்திருந்தால் அவ்வம்மையார் பாடு என்னவாகியிருக்கும்! ஆனால் படம் எவ்விரு பொருளுள் எதைக் கொண்டது என்று சொல்வதில்லை. வாழ்த்துரைத் தாளை இழந்த தந்தையும் நாத்தடுமாறி இதே கரையைத்தான் சென்று சேர்கிறார்: சில வேளைகளில் விட்டுக்கொடுத்துவிடுவதும் வேண்டும் என்பது அவர் உரையின் சாரம். ‘பயனில்லாத படம் இது; இறுதியில் எவரும் திருந்தவில்லை; பிள்ளைகட்கு இதனால் என்ன பாடம்?’ என்று கேட்போர் உளர். அவ்வினா தள்ளத்தக்கதன்று. வேறு குடும்பப் படங்களில் தந்தை இறுதியில் திருந்துகிறார், மறுவாரம் மீண்டும் அதே பிழையைச் செய்கிறார். அத்திருத்தம் பொய் என்பதைப் பிள்ளைகள் அறிவர். திருந்தாத மனிதரோடும் ஒரே கூரையின்கீழ் இணங்கி வாழ்வதே இல்லறத்தின் பெரும்பகுதி என்பதை யமாதா படம் பொய்யின்றிக் காட்டுகிறது.

படத்தின் உச்சம் எதுவெனின், மோட்டார் சைக்கிள் முரடர்கள் வரும் இரவு எனலாம். தெருவில் அவர்கள் இரைச்சலிட, தலைக்கவசம் அணிந்து தந்தை கண்டிக்கச் செல்கிறார். அதுவரை உருண்டை முகமும் குட்டைக் கால்களுமாக இருந்த உருவங்கள், அவ்விடத்தில் திடுமென மெய்யான மனித அளவுக்கு மாறிவிடுகின்றன. கோட்டு மனிதனை நசுக்கலாம், எழுந்துவிடுவான் என்றிருந்த துணிவு காண்போரை விட்டு அகல்கிறது; இவர் அடிபட்டால் உண்மையிலேயே குருதி வரும். அச்சம் என்னும் மெய்ப்பாடு நகைக்குள் வந்து புகுந்துவிட்டது. அவரைக் காப்பது வீரம் அன்று. பின்னால் வந்த பாட்டியின் வாய்ச்சாலம். முரடர் போனபின் அவர் தனியே அமர்ந்து, சிறுவயதில் கண்ட ‘நிலவொளி முகமூடி’ வீரனாகத் தம்மையே கற்பனை செய்து, தம் வீட்டாரை மீட்கிறார். வெல்லும் தந்தையைக் கற்பனைக்குள் மட்டுமே படம் காட்டுகிறது. நகையின் அடியில் அழுகை கிடப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சித்திரப் படம் அரிது.

குறைகள் இல்லாமல் இல்லை. நான்கு கட்டத் துணுக்கு நாள்தோறும் ஒன்றாகப் படிக்கத் தக்கது. ஒரே மூச்சில் நூற்று நான்கு நிமிடம் காணும்போது நடுப்பகுதி தளர்கிறது. மாட்சுகோவின் மறதி வேண்டிய அளவுக்கு மேல் மீண்டும் மீண்டும் வருகிறது. அவள் சோம்பலைக் கண்டு சிரிக்கச் சொல்லும் படம், அவ்வீட்டில் அடுப்பு அவள் ஒருத்தி பொறுப்பாகவே இருப்பது ஏன் என்று ஒருமுறையேனும் கேட்கவில்லை. அந்த இடத்தில் மட்டும் மரபு தகாஹாத்தாவை வென்றுவிட்டது. 1999 ஜூலையில் வெளிவந்தபோது படம் எதிர்பார்த்த வசூலை எட்டவில்லை. ‘மோனோனோகே’ போன்றதொன்றை நாடிவந்தோர்க்கு இது வெறும் கிறுக்கலாகப் பட்டிருக்கலாம். தகாஹாத்தாவின் அடுத்த முழுநீளப் படம் வெளிவரப் பதினான்கு ஆண்டுகள் சென்றன. 2013-இல் வந்த ‘இளவரசி காகுயா’ அவருடைய இறுதிப் படமாயிற்று. 2018-இல் அவர் மறைந்தார். யமாதா படத்தின் தொடக்கத்தில் நோனோகோ மூங்கிலைப் பிளந்து எடுத்த குழந்தையாக வேடிக்கைக்குக் காட்டப்படுவாள். பின்னைய படத்தில் அதே மூங்கிற் குழந்தை, அதே முடியாத கோடுகளால், துயரக் கதையின் தலைவி ஆகிறாள். கோட்டின் பயிற்சி இவ்வீட்டிலேயே நடந்தது.

திருமணப் பகுதியில் ஒரு முதிய அம்மையார் குரல் மணமக்களுக்கு உரைப்பது ஈண்டு கருதத்தக்கது. கடல் கொந்தளிக்கும்போது இருவரும் சேர்ந்து துடுப்பிடுவர். அலை ஓய்ந்த கடலில்தான் எச்சரிக்கை வேண்டும் என்பது அவ்வறிவுரை. எஞ்சிய படம் முழுவதும் அலை ஓய்ந்த கடலே. புயல் ஒன்றும் வருவதில்லை. ஆனால் ஷிகே பாட்டி மருத்துவமனையில் இருக்கும் தோழியைக் காணச் செல்லும் சிறு பகுதி ஒன்று வருகிறது. தோழி உற்சாகமாகப் பேசிக்கொண்டே போகிறாள். மருத்துவமனைச் செய்திகள், மற்ற நோயாளிகளின் கதைகள், ஊர்வம்பு. பாட்டியும் ஈடுகொடுக்கிறாள். பேச்சுவாக்கில், ஆமாம், உனக்கு என்னதான் நோய் என்று கேட்டுவிடுகிறாள். தோழியின் முகம் மாறுகிறது. விம்மி அழத் தொடங்குகிறாள். படம் அதற்கு மேல் ஒன்றும் கூறாமல் அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விடுகிறது.