பிச்சையும் சம்பளமும்

ஈழத்துத் தமிழரின் பேச்சில் ஒரு சொல்லுண்டு: 'பிச்சைச் சம்பளம்'. முதியோர், நோயாளர், ஆதரவற்றோர் ஆகியோருக்கு அரசு மாதந்தோறும் அளிக்கும் உதவிப்பணத்தை மக்கள் அவ்வாறே அழைக்கின்றனர். உழைத்துப் பெறுவது சம்பளம். இரந்து பெறுவது பிச்சை. ஒன்றையொன்று மறுக்கும் இவ்விரு சொற்களையும் பிணைத்து வைத்த மனப்போக்கையே நாம் இங்கு விமர்சிக்க விழைகின்றோம்.

மன்னார்ப் பெருநிலக் கரையிலுள்ள வங்காலையை எடுத்துக்கொள்வோம். புனித ஆனாள் ஆலயத்தைச் சூழ்ந்து வாழும் கடற்றொழிலாளர் கிராமம் அது. மாதச் சம்பளம் தரும் முதலாளி இன்றி, பிடிபடும் மீனை நம்பி வாழ்பவனுக்கு 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தால் பயன் விளையவில்லை. 1990 இல் கடற்றொழிலாளருக்கென ஓய்வூதியச் சட்டம் வந்தது. ஆயின் அது தொழிலாளி தவணை கட்டிச் சேரவேண்டிய திட்டம். அதே ஆண்டிலேதான் வடக்கில் போர் மீண்டும் மூண்டது. கடல் தடைப்பட்டு, மக்கள் அகதிகளாய் இராமேசுவரக் கரையை நாடிய காலத்தில் தவணை கட்டுவது எங்ஙனம்?

2000 ஆம் ஆண்டின் முதியோர் உரிமைச் சட்டம், பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே புறக்கணித்தலாகாது என விதித்தது. பராமரிப்புப் பணம் கோரி முறையிட ஒரு சபையையும் அமைத்தது. நன்று. ஆனால் காற்றுக் கடுத்துக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் தன் அடுப்பையே மூட்ட இயலாத மகனிடம் சட்டம் எதைப் பெற்றுத் தரும்?

2025 ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம், வறிய முதியோருக்கான மாதக் கொடுப்பனவை 3000 ரூபாவிலிருந்து 5000 ரூபாவாக உயர்த்தியது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 166 ரூபா. இக்கொடுப்பனவு வயதைக் கேட்கிறது, வறுமையைக் கேட்கிறது. பாயில் கிடப்பவரைப் புரட்டிப் படுக்க வைப்பவர் யார் என்று கேட்பதில்லை. கருவாடு காயவைக்கும் கூலியை இழந்து தாயருகே அமர்ந்திருக்கும் மகளின் உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

"பெற்ற தாய்க்குச் செய்வதற்கும் கூலியா?" என்று சிலர் சினப்பர். அன்புக்கு விலை கூறுமாறு நாம் கேட்கவில்லை. அன்பு பட்டினியால் தண்டிக்கப்படலாகாது என்கின்றோம். ஜெர்மனி 1995 இலேயே பராமரிப்புக் காப்பீட்டை நடைமுறைப்படுத்தி, வீட்டில் உறவினர் பேணும் முதியோருக்கும் பணம் வழங்கியது. பேணுபவரின் ஓய்வூதியத்துக்கும் வழி செய்தது. ஜெர்மனியின் செல்வம் நம்மிடம் இல்லை என்பது உண்மை. ஆயினும் பேணுபவரும் உழைப்பாளியே என்று ஏற்பதற்குச் செல்வம் தேவையில்லை.

நம் வாசகர்களில் பலர் ஆசிரியர்கள். உங்கள் ஓய்வூதியத்தை எவரும் பிச்சை என்பதில்லை. அது உழைப்பின் உரிமை. நாட்டுக்கு மீனூட்டிய கைகள் நடுங்கும்போது கிடைப்பது மட்டும் பிச்சையாவதேன்? அச்சொல்லிலிருந்து 'பிச்சை'யை நீக்குவோம். எஞ்சும் 'சம்பளம்' சம்பளமாகவே அமையும்வரை போராடுவோம்.