இரு வாசல் சட்டை

பெங்களூரில் பட்டுப்புழுவுக்கு உள்ள மரியாதை தெரிந்ததுதான். நெரிசலுக்குப் பேர்போன சந்திப்பையே சில்க் போர்டு என்றுதான் சொல்கிறோம். அந்தப் புகழில் பங்கு கேட்கவில்லை. ஆனால் நூற்பது வேறு, தைப்பது வேறு. தைக்கிற வித்தையில், குளியலறைச் சுவரில் பூசணி விதைபோல் ஒட்டிக்கிடக்கும் ஃபெரியோகா என்ற அந்துப்பூச்சியின் புழுவுக்குத்தான் என் ஓட்டு. பட்டுப்புழு ஏறத்தாழ 1 கிலோமீட்டர் இழையை ஒரே மூச்சில் நூற்றுத் தன்னை அடைத்துக்கொள்கிறது. வெளியேற வழி வைப்பதில்லை. பூச்சி எச்சிலால் கூட்டை நனைத்து இளக்கித்தான் வரவேண்டும். அப்படி வந்தால் இழை பாழ் என்பதால் ராமநகரச் சந்தைக்குப் போகும் கூடுகளின் கதி கொதிநீர். ஃபெரியோகா தைப்பதோ வாசலோடு கூடிய சட்டை, அதுவும் இரண்டு வாசல். முதலில் பட்டிழையால் ஒரு சின்ன வளைவு, அதன்மேல் மணல், முடி, இரும்புத்துரு, செத்த பூச்சியின் துணுக்கு. பிறகு அடிப்பக்கமும் மூடிக் குழலாகிறது. வெளியே இத்தனை கரடுமுரடு, உள்ளே சுத்தமான பட்டு. புழு வளர வளர இரு முனையிலும் ஒட்டுப்போட்டுப் பெரிதாக்கி, 8 முதல் 14 மில்லிமீட்டர் வரை கொண்டுபோகிறது. நடுவயிறு மட்டும் அகலம். உள்ளேயே புரண்டு திரும்பி எந்த வாசலிலும் தலைநீட்ட அந்த அகலம் வேண்டும். சீண்டினால் அடிவிளிம்பை இழுத்து வாசலைச் சாத்திக்கொள்ளும். திறப்பது லேசில்லை.

எல்லாம் பிறவிப் பழக்கம், இதில் கலை எங்கே என்பார்கள். வெட்டு பிறவியோடு வந்தது, சரி. துணி அந்தந்த வீட்டுடையது. துருப்பிடித்த ஜன்னலோரத்துக் கூடும் மணல் உதிரும் சுவரின் கூடும் ஒன்றுபோல் இருக்காது. கம்பளிக்கு எதிரி என்பதும் பாதி நியாயம்தான். விரும்பித் தின்பது பழைய சிலந்திவலையை. பனாமாவில் இதை வளர்த்த பூச்சியியலாளர் அனெட் ஐயெல்லோ செத்த கொசுவையும் தன் தலைமுடியையும் போட்டே வளர்த்தார். இரவில் வெள்ளைத் துணி கட்டி விளக்கேற்றி அட்லஸ் அந்துப்பூச்சிக்காகக் காத்திருப்பவர்களுக்கு, சாம்பல் சிறகில் நாலு கரும்புள்ளி மட்டுமே உள்ள இது கண்ணில் படாது. சிறகை மட்டும் பார்த்து மதிப்பெண் போடும் ரசனை அது. வழவழ டைல்ஸும் வாக்குவம் கிளீனரும் உள்ள புது அடுக்ககங்களில் மணலும் கிடையாது, ஒட்டடையும் கிடையாது. சொரசொரப்பான பழஞ்சுவரில்தான் இதன் கடைசித் தையலைப் பார்க்கலாம். கூட்டுப்புழுவாகும் முன் சுவரேறி, இரு முனையையும் இழையால் கட்டி, ஒரு முனையின் ஓரங்களில் மட்டும் சின்னக் கத்தரிப்பு வைக்கிறது. அந்த முனை தட்டையாகிச் சப்பென்று மூடிக்கொள்கிறது. உள்ளிருந்து தள்ளினால் மட்டும் திறக்கும். பூச்சி பறந்தபின் அந்த வாயில், உரித்த தோல் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.