உயரத் தொட்டியில் சிக்லிட்: ஒரு மறுப்பு

எர்ணாவூர் சுனாமி குடியிருப்பு மாதிரியான அடுக்குமாடி வீடுகளில் கட்டில், பீரோ, டிவி போக மிஞ்சுவது ஒரு மூலை. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தரை, மூன்றடி உயரம் என்று நின்றவாக்கில் செய்த கண்ணாடித் தொட்டி அந்த மூலைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. அதில் எந்த வண்ண மீனை விடலாம் என்று கேட்டால் விற்பவரும், வளர்த்துப் பழகியவரும் ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறார்கள்: "ஏஞ்சல் விடுங்க. மீனும் உயரம், தொட்டியும் உயரம்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பொருத்தம் தவறு என்பது என் கட்சி.

ஏஞ்சலுக்கு உயரம் வேண்டும் என்பதில் சண்டையில்லை. வளர்ந்த ஏஞ்சல் மேல்துடுப்பு நுனியிலிருந்து கீழ்த்துடுப்பு நுனிவரை எட்டு அங்குலத்தைத் தாண்டும். அமேசான் வெள்ளத்தில் மூழ்கிய வேர்களுக்கும் தண்டுகளுக்கும் நடுவே அசையாமல் நின்று மறைய உதவுபவை அதன் கறுப்புக் கோடுகள். விளக்குப் போட்ட உயரத் தொட்டியில் அது நிற்கும் அழகையும் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தேவை ஒன்றரை அடித் தண்ணீரில், மிஞ்சினால் இரண்டடியில் தீர்ந்துவிடுகிறது. மூன்றாவது அடி பார்ப்பவர் கண்ணுக்குத்தான்.

ஏஞ்சல் ஒரு சிக்லிட். சிக்லிட் என்பது எல்லை வகுத்து வாழும் மீன் குடும்பம். அதைத் தெரிந்துகொள்ள அமேசான்வரை போக வேண்டாம். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஜிலேபி மீனும் சிக்லிட்தான். ஏரி வற்றும்போது தரையில் வட்ட வட்டமாகத் தெரியும் குழிகள், ஆண் ஜிலேபி வாயால் மண்ணை அள்ளித் தோண்டியவை. குழிக்கு ஒரு சொந்தக்காரன், எல்லைக்கு ஒரு சண்டை. உப்பங்கழிகளில் வாழும் கரிமீனும் இதே குடும்பம். முட்டையைக் காக்கும்போது கிட்டே வரும் எதையும் அந்த ஜோடி விரட்டும்.

ஏஞ்சல் தரையில் முட்டையிடாதே என்பார்கள். உண்மை. நிமிர்ந்த இலையிலோ ஃபில்டர் குழாயிலோதான் இடும். ஆனால் அது காவல் காக்கும் எல்லை அந்தக் குழாயைச் சுற்றி நாலு பக்கமும் விரிகிறது. ஒன்றரை அடித் தொட்டியில் அது சுவருக்குச் சுவர் எட்டிவிடும். குட்டிகளாக ஆறு வாங்கி விட்டால் சில மாதம் எல்லாம் அழகுதான். வளர்ந்து ஒரு ஜோடி சேர்ந்ததும் மற்ற நாலும் அந்நியர் ஆகிவிடுகின்றன. துரத்தப்படும் மீன் பக்கவாட்டில் ஓடி, கல்லுக்கோ செடிக்கோ பின்னால் திரும்பி, பார்வையிலிருந்து மறைய வேண்டும். அப்போதுதான் துரத்துகிற மீன் விடும். இங்கே திரும்பினால் கண்ணாடி.

தோற்ற மீன் எங்கே போகிறது என்று கவனியுங்கள். மேல் மூலையில், நீர்மட்டத்துக்கு இரண்டு விரல் கீழே, துடுப்புகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு நிறம் கறுத்து நிற்கும். வால் ஓரம் பிய்ந்து நூல் நூலாகத் தொங்கும். தீவனம் போட்டால் கீழே இறங்காது. மூக்குக்கு முன்னால் ஒரு துணுக்கு விழுந்தால் மட்டும் வாய் திறக்கும். "அது குணமே அப்படி" என்று சமாதானம் சொல்கிறார்கள். குணமில்லை. ஓட வேறு இடமில்லாமல் அங்கே ஒதுங்கியிருக்கிறது. மூன்றடி ஆழத்தில் ஓரடிகூட அதற்குச் சொந்தமில்லை.

கணக்கும் உயரத் தொட்டிக்கு எதிராகவே இருக்கிறது. அந்தப் பெட்டி கொள்வது சுமார் 190 லிட்டர். தரை இரண்டே கால் சதுர அடி. அதே பெட்டியைப் படுக்கவாக்கில் செய்தால் தண்ணீர் அதே அளவுதான், தரை நாலரை சதுர அடி. காற்றைத் தொடும் நீர்ப்பரப்பும் அப்படியே இரட்டிக்கிறது. 20 டிகிரி நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால், நம் ஊர் 30 டிகிரியில் கரைவது ஏழரைதான். காற்று மோட்டார் ஓடும்வரை இது தெரியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு வடசென்னையின் பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் மீனுக்கு மூச்சு தருவது அந்த மேல்பரப்பு ஒன்றுதான். தண்ணீர் உயர உயரக் கண்ணாடியும் கனமாக வேண்டும். கூடுதல் விலை கொடுத்துக் குறைந்த இடத்தை வாங்குகிறோம். அடியில் தேங்கும் கழிவை எடுக்க, தோள்வரை கையை விட்டாலும் எட்டாது.

ஓரடி வளரும் ஆஸ்கரையும், வாஸ்து என்ற பெயரில் ஃபிளவர்ஹார்னையும் இதே தொட்டியில் விடுகிறவர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றரை அடிக்குள் ஓரடி மீன் திரும்புவதைப் பார்க்கச் சகிக்காது. அதை விற்பதே தவறு.

ஏற்கெனவே உயரத் தொட்டி வாங்கிவிட்டவர்கள் கீழே ஒரு சின்னச் சட்டியைக் கவிழ்த்து வைத்து கிரிபென்சிஸ் ஒரு ஜோடி விடலாம். நாலு அங்குலம் வளரும் சிக்லிட் அது. குகை கிடைத்தால் தரையோடு நின்றுகொள்ளும். மேல் தண்ணீருக்குச் சில டெட்ராக்கள் போதும். இரண்டாவது ஜோடி வேண்டாம், ஏஞ்சலும் வேண்டாம்.

இனி வாங்கப் போகிறவர்கள், கடைக்குப் போகுமுன் வீட்டுச் சுவரோரம் மூன்றடி நீளம் கிடைக்குமா என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். கட்டிலின் கால்மாட்டிலோ டிவிக்குக் கீழேயோ பெரும்பாலும் கிடைக்கும். கிடைத்தால் அதே பெட்டியைப் படுக்கவாக்கில் செய்யச் சொல்லுங்கள். ஒன்றரை அடி உயரம் ஏஞ்சல் ஜோடிக்குத் தாராளம். கிடைக்காவிட்டால் சிக்லிட் வாங்காதீர்கள்.