வேட்டையாடியும் ஒட்டுண்ணியும்: திரைவழித் திகில் நாவல் குறித்து

ஒரு கதையுலகில் பிறந்த கோர உயிரை வேறொரு கதையுலகின் கோர உயிரோடு மோதவிடும் திரைப்படமும், அத்தகைய படத்தின் திரைக்கதையைப் பின்பற்றி எழுதப்படும் நாவலும், திறனாய்வாளர்கள் அதிகம் எட்டிப்பார்க்காத பகுதியாகவே இருந்துவருகின்றன. போல் டபிள்யூ. எஸ். அண்டர்சன் இயக்கிய ‘ஏலியன் வெர்சஸ் பிரிடேட்டர்’ 2004இல் வெளிவந்தபோது, மார்க் செராசினி எழுதிய அதே பெயருடைய நாவலும் அவ்வாண்டிலேயே விற்பனைக்கு வந்தது. படத்துக்கு மூலமாக அமையாமல் படத்தின் வழியே பிறக்கும் இவ்வகை நூலைத் திரைவழி நாவல் எனச் சுட்டலாம்.

இவ்வகை புதிதன்று. ‘கிங் கொங்’ 1933இல் திரையிடப்படுவதற்கு முன்பே, டெலோஸ் லவ்லேஸ் எழுதிய நாவல் 1932ஆம் ஆண்டின் இறுதியில் வெளியாகிவிட்டது. 1979இல் ‘ஏலியன்’ படத்தை நாவலாக்கிய அலன் டீன் பொஸ்டருக்கு, படத்துக்கென வடிவமைக்கப்பட்ட வேற்றுலக உயிரின் தோற்றம் காட்டப்படவில்லை. ஆகவே அதனை முழுமையாக விவரிக்காமலேயே அச்சமூட்ட வேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது. தயாரிப்பாளர்களின் இரகசியப் போக்கு அந்நூலுக்குக் கேடு செய்யவில்லை என்பதே பொருத்தமான மதிப்பீடாகும், ஏனெனில் திகில் எழுத்தில் அரைகுறையாகத் தெரியும் உருவமே வாசகனை நெடுநேரம் பிடித்துவைக்கிறது.

ஏலியன், பிரிடேட்டர் என்னும் இவ்விரு கோர உயிர்களும் முதலில் மோதியது திரையிலன்று, டார்க் ஹோர்ஸ் நிறுவனம் 1989இல் தொடங்கிய சித்திரக்கதையில்தான். மறு ஆண்டு வெளிவந்த ‘பிரிடேட்டர் 2’ படத்தில், வேட்டையாடி இனம் சேர்த்துவைத்த மண்டையோடுகளிடையே ஏலியனின் மண்டையோடும் ஒரு கணம் காட்டப்பட்டது. சித்திரக்கதையை அடியொற்றி ஸ்டீவ் பெரியும் ஸ்டெபனி பெரியும் எழுதிய ‘பிரே’ நாவல் 1994இல் வந்தது. அண்டர்சனின் படமோ கதையை எதிர்காலக் கோளொன்றிலிருந்து 2004ஆம் ஆண்டின் பூமிக்கு, பூவே தீவின் பனிக்கட்டிக்கு அடியில் புதைந்த பிரமிட்டுக்குக் கொண்டுவந்தது. நோர்வேக்குரிய அந்தத் தீவு உண்மையில் அந்தாட்டிக் நிலப்பரப்பிலிருந்து வெகுதூரம் வடக்கே உள்ளது என்பதைப் படம் பொருட்படுத்தவில்லை. அதற்காக அதனைக் குறைசொல்வதும் வீண்.

இத்தகைய கதையின் உண்மையான சிக்கல் எது வெல்லும் என்பதன்று. ஒவ்வொரு கோர உயிரும் தன் உலகின் விதியைச் சுமந்து வருகிறது. ஏலியன் ஓர் ஒட்டுண்ணி. புழுவின் உடலுக்குள் முட்டையிடும் குளவியினத்தைப் போலப் பிற உயிரின் உடலில் வளர்ந்து, அதனைப் பிளந்துகொண்டு வெளிவருகிறது. அதனிடம் பேரம் பேச இயலாது. பிரிடேட்டரோ ஆயுதம் ஏந்தாதவனைத் தாக்காத, வீரத்தை மதிக்கும் வேட்டையாடி. இரண்டையும் ஒரே களத்தில் நிறுத்தியவுடன், நெறியுள்ள உயிர் மெல்லமெல்லப் பாத்திரமாகிவிட, நெறியற்றது மட்டுமே கோரமாக எஞ்சுகிறது. அண்டர்சனின் கதையில் அலெக்சா வூட்ஸ் என்னும் பெண் பிரிடேட்டர் ஒன்றோடு அணிசேர்வது இதன் விளைவே. ஏறக்குறைய நூறு நிமிடப் படத்தில் அவசரமாக நிகழும் இந்த மாற்றத்துக்கு நாவலின் பக்கங்களில் இடமுண்டு. ‘பிரே’ இன்னும் துணிந்து, வேட்டையாடியின் மனத்துக்குள்ளேயே புகுந்து கதை சொல்லி, அவ்வினத்துக்கு யவுட்ஜா என்ற பெயரையும் தந்தது. மனம் தெரிந்த உயிரிடம் பழைய அச்சம் எஞ்சாது என்பது அதற்குக் கொடுத்த விலை. ஆயினும் இத்துறையின் நூல்களுள் அதுவே செராசினியின் நாவலைவிட மேலானது.

இலங்கைக்கும் திரையோடு பிணைந்த நாவல் அந்நியமன்று. 1956 முதல் இங்கு வாழ்ந்த ஆதர் சி. கிளார்க், ஸ்டான்லி கியூப்ரிக்கோடு இணைந்து ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’யை நாவலாகவும் திரைக்கதையாகவும் ஒருங்கே வளர்த்தார், 1968இல் இரண்டும் வெளிவந்தபோது படத்தின் விண்கலம் வியாழனோடு நின்றது, நாவலின் விண்கலம் சனிவரை சென்றது. தமிழில் சுஜாதாவின் ‘விக்ரம்’, 1986இல் வந்த படத்தோடு ஒட்டிக் குமுதத்தில் தொடராக வெளிவந்தது. திகில் பக்கத்தில் புதுமைப்பித்தன் மேரி ஷெல்லியின் நாவலைப் ‘பிரேத மனிதன்’ எனத் தமிழாக்கினார். எனினும் தமிழ்த் திரையின் அச்சு வாரிசாகப் பெரிதும் நிலைத்தவை பாட்டுப் புத்தகமும் கதைவசனப் புத்தகமுமே. மோதலின் கற்பனை இங்கு இல்லாததன்று: நரசிம்மத்தின் சீற்றத்தை அடக்கப் பறவையும் சிங்கமும் கலந்த சரபமாகச் சிவன் வந்ததாகச் சைவ மரபு கூறுகிறது, கும்பகோணத்தை அடுத்த திருபுவனத்தில் சரபருக்குத் தனிச் சந்நிதியே உண்டு.

கனமூலை முதல் கற்பிட்டி வரையான புத்தளம் கரைக்கு இத்தகைய கதை தேடிப் பனிக்கண்டம் செல்ல வேண்டியதில்லை. 1344இல் இப்னு பதூதா வந்திறங்கிய கரை இது. கற்பிட்டிக்கு அப்பால் ஆழ்கடலில் உலவும், அம்பர் தரும் ஸ்பேர்ம் திமிங்கிலங்கள் இருள் சூழ்ந்த ஆழத்துக்கு மூழ்கிக் கணவாய்களை வேட்டையாடுகின்றன. பெருங்கணவாயின் உறிஞ்சிகள் பதித்த தழும்புகள் அவ்வினத்தின் தோலில் காணப்படுவதுண்டு. திமிங்கிலத்தையும் பெருங்கணவாயையும் ஒரே நாவலில், 1957இல் வெளிவந்த ‘த டீப் ரேஞ்ச்’ நூலில், கிளார்க் கையாண்டுவிட்டார். அந்த ஆழத்தைத் தமிழில் எழுத முன்வருபவர் அதனையும் ‘பிரே’யையும் அருகருகே வைத்து வாசித்துவிட்டுத் தொடங்குவது நல்லது.