யோர்க் வீதியின் விறாந்தை

கொழும்புக் கோட்டையிலுள்ள கார்கில்ஸ் கட்டடத்தைப் பற்றிப் பேசும் நம்மவர் அதன் சிவப்பு நிறத்தைத்தான் முதலில் சொல்வார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, யோர்க் வீதியோரமாக அதன் கீழ்த்தளத்தில் ஓடும் தூண் விறாந்தை.

ஸ்கொட்லாந்துக்காரர் 1844இல் தொடங்கிய வணிகம் அது. எட்வர்ட் ஸ்கின்னர் வரைந்த இன்றைய கட்டடம் 1906இல் முடிந்தது. செங்கற் சிவப்பும் வெள்ளையும் கலந்த அதன் முகப்பை இங்கிலாந்தின் ஏதோவொரு சந்தை நகரத்திலும் வைக்கலாம். விறாந்தையோ கொழும்பின் வெயிலையும் மழையையும் அறிந்து கட்டியது. உள்ளே பெரும்பாலும் துரைமாருக்கான சாமான்கள். அந்த விலை கொடுக்க இயலாத கந்தோர் எழுதுவினைஞருக்கும் மழைக்கு ஒதுங்க அந்த வளைவுகள் இருந்தன.

இதை மட்டும் எழுதிவிட்டுப் பழைய கொழும்பின் அழகில் மயங்கும் கட்டுரைகளை என்னால் ஏற்க முடியவில்லை. 1983 யூலையில் கோட்டையிலும் புறக்கோட்டையிலும் தமிழர் கடைகள் எரிந்தன. 1996 சனவரி 31இல் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு நடந்தபின் கோட்டை உயர் பாதுகாப்பு வலயமானது. அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி நடந்த தமிழருக்கு வளைவுகளை அண்ணாந்து பார்க்க மனம் வந்திருக்குமா? கட்டடம் தந்த நிழலை அரசு தரவில்லை.

அப்படியிருந்தும், லவாலில் கடைகளைப் பார்க்கும்போது அந்த விறாந்தையையே அளவுகோலாகக் கொள்கிறேன். இங்குள்ள பிளாசாக்களிலும் செங்கல் உண்டு. பெரும்பாலும் அது பாரம் தாங்காது. உள்சுவருக்கு முன்னால் சிறிது இடைவெளி விட்டுக் கட்டிய ஒற்றை வரிப் போர்வை. அடிவரியில் நீர் வடிய விட்டிருக்கும் சிறு துளைகளைப் பார்த்தால் தெரியும். இந்தக் குளிருக்கும் ஈரத்துக்கும் அது பொருத்தமான முறைதான். என் குறை வேறு. கடையை வீதியிலிருந்து வெகுதூரம் பின்தள்ளி, இடைநிலம் முழுவதையும் வாகனங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். வாசலோரக் கூரை காரில் வந்து இறங்குபவருக்கு உதவும். பனிக்குள் பஸ்ஸுக்கு நிற்கும் அம்மம்மாவுக்கு அது எட்டாது.

இங்கே கடை கட்டவோ திருத்தவோ முனையும் நம்மவர், முகப்புக்கு எந்தக் கல் என்று யோசிக்கும்போதே இன்னொன்றையும் யோசிக்கலாம்: ஒன்றும் வாங்காமல் கடந்து போகிறவருக்கு இந்தக் கட்டடம் என்ன தரப்போகிறது?