‘வீடு’ படமும் வில்லங்கச் சான்றும்

திருமுல்லைவாயிலில் மனை பார்த்து, அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, வங்கி கேட்ட பேப்பர்களுக்காக அலைந்துகொண்டிருக்கிறீர்களா? சம்பளச் சான்று, ஃபார்ம் 16, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் அப்புறம் ஜெராக்ஸ் எடுக்கலாம். முதலில் ஒரு சாயங்காலம் ஒதுக்கி பாலுமகேந்திராவின் ‘வீடு’ படத்தைப் பாருங்கள்.

1988-ல் வந்த படம். சிறந்த தமிழ்ப் படம், சிறந்த நடிகை என்று தேசிய விருதுகள் வாங்கியது. கதை ரொம்பச் சின்னது. குடியிருக்கிற வீட்டைக் காலி பண்ணவேண்டிய நெருக்கடி. தாத்தாவின் மனையில் சொந்தமாக ஒரு வீடு கட்டக் கிளம்புகிறாள் சுதா. பணம் புரட்டுவதில் ஆரம்பித்து, காண்ட்ராக்டர் சிமென்ட் மூட்டையில் கைவைப்பது வரை எல்லாம் நம் வீட்டுக் கதைதான். தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர், பாதி எழும்பிய வீட்டைச் சுற்றிவந்து சுவரைத் தடவிப் பார்ப்பாரே... வசனமே வேண்டாம், நமக்குத் தொண்டை அடைக்கும்.

பி.காம். படித்த எனக்கு இந்தப் படத்தில் பிடித்த விஷயம் வேறு. காசு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதைக் கூச்சமில்லாமல் கணக்கு எழுதிக் காட்டும் தமிழ்ப் படங்கள் அபூர்வம். இதில் ரூபாயும் ஒரு கதாபாத்திரம்!

ஆனால், ஒரு குறை சொல்லியே ஆகவேண்டும். வீடு எழும்பிய பிறகு, குடிநீர் வாரியத்து ஆள் வந்து ‘இது வாரியம் எடுத்துக்கொண்ட நிலம்’ என்கிறார். படம் அதைத் தலையில் விழுந்த இடியாகக் காட்டி, சுதாவை கோர்ட் வாசலில் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. இது விதியா என்ன? தாத்தா சொத்துதானே என்ற நம்பிக்கை எங்கே பொய்த்தது, எந்த அலுவலகத்தில் விசாரித்திருந்தால் தப்பித்திருக்கலாம் என்பதைப் படம் தோண்டவில்லை. அழவைக்கிறது, எச்சரிக்கத் தவறுகிறது.

அந்த மிச்சத்தை நாம்தான் செய்துகொள்ள வேண்டும். வில்லங்கச் சான்றில் பதிவான பரிவர்த்தனைகள்தான் வரும். கோர்ட் வழக்கு, பதிவாகாத உயில், நிலமெடுப்பு எல்லாம் அதில் தெரிந்தே ஆகவேண்டும் என்பதில்லை. தாலுகா ஆபீஸில் பட்டா, புல வரைபடம், ‘அ’ பதிவேடு மூன்றையும் தாய்ப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏரிகள் நிறைந்த இந்தப் பக்கத்தில், சர்வே எண் புறம்போக்கா என்பது முதல் கேள்வி. மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா என்பது அடுத்தது. 2016-ல் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் தடை போட்டபோது, பத்திரத்தைப் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தவர்கள்கூட விற்க முடியாமல் திணறினார்கள். 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. அதற்கும் தனியாகப் பணம் கட்டவேண்டி இருந்தது.

‘பேங்க் வக்கீலே ஓகே சொல்லிட்டார்’ என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அவர் பார்ப்பது பேங்க் பணத்தின் பாதுகாப்பை. நிலம் கையைவிட்டுப் போனாலும் இ.எம்.ஐ. உங்களை விடாது. தனியாக ஒரு வக்கீலுக்குச் சில ஆயிரம் கொடுங்கள், தப்பில்லை.

சுதாவுக்கு கோர்ட் தீர்ப்பு என்ன ஆனது என்று படம் சொல்லவில்லை. நமக்கு அந்தச் சந்தேகமே வரக்கூடாது!